ஓடு ஏறாத வீடும் நாள் கணக்கும்: திட்ட அட்டவணை முறைகள், ஓர் ஒப்பீடு

உயிலங்குளத்தில் எங்கள் வீட்டின் பின்சுவரில், யன்னல் மட்டத்துக்குக் கீழே ஒரு கறை இருக்கிறது. மூன்று முறை வெள்ளை அடித்தும் அது போகவில்லை. 2013ஆம் ஆண்டு மாரியில், கூரை இல்லாமல் நின்ற சுவரில் மழை இறங்கிய தடம் அது. அந்த வருடம் கார்த்திகை முழுவதும் அம்மா அந்தச் சுவர்களுக்கு நடுவில் தறப்பாள் கட்டிச் சமைத்தார். கூரை மரம் வாங்க வைத்திருந்த காசில் ஒரு பகுதி ஊறிப்போன சீமெந்து மூடைகளுக்குப் போனது. அம்மாவின் காப்பு அடகுக் கடைக்குப் போனது. அது திரும்பி வரவில்லை.

"நாங்கள் சுணங்கிப்போனம்" என்றுதான் அம்மா இன்றும் சொல்கிறார். அவர் குற்றம் சொல்வது தன்னைத்தான். வன்னியிலும் மன்னாரிலும் மீள்குடியேறிய பல வீடுகளில் இதே வசனத்தைக் கேட்டிருக்கிறேன். தவணைக் காசு வந்தது, நாங்கள்தான் கெட்டித்தனமாகக் கட்டவில்லை, மற்றவர்கள் முடித்துவிட்டார்கள் என்பார்கள்.

நான் படித்தது ஊடகக் கற்கை. கட்டுமானம் படிக்கவில்லை. ஆனால் சில வருடங்களுக்கு முன் திட்ட முகாமைத்துவம் பற்றி ஒரு பயிற்சிக் கைநூலைத் தமிழாக்கும் வேலை கிடைத்தது. அதில் அட்டவணை முறைகள் பற்றி ஓர் அத்தியாயம் இருந்தது. அதை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த இரவில் எங்கள் வீட்டின் கணக்கை ஒரு கொப்பியில் போட்டுப் பார்த்தேன். அம்மா சுணங்கவில்லை. அவர் அறியாமலே அவருக்குக் கொடுக்கப்பட்ட அட்டவணை, மழைக்குள் முடிய முடியாத அட்டவணையாக இருந்தது.

அந்தக் கணக்கையும், அதைப் போட உதவும் ஐந்து முறைகளையும் இங்கே எழுதுகிறேன். வீடு கட்டும் குடும்பத்துக்கும், கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும், கோயில் மண்டபம் கட்டும் சபைக்கும் இது உதவக்கூடும்.

ஏன் இது எங்களுக்கு முக்கியம்

போருக்குப் பின் வடக்கில் கட்டப்பட்ட வீடுகளில் பெரும்பகுதி, வீட்டுக்காரரே கட்டும் முறையில் எழுந்தவை. மிகப் பெரியது இந்திய வீடமைப்புத் திட்டம். மொத்தம் 50,000 வீடுகள். முதலில் 1,000 வீடுகள் முன்னோடியாகக் கட்டப்பட்டன. 2012 ஒக்டோபர் 2ஆம் திகதி வடக்கு கிழக்குக்கான 45,000 வீடுகளின் கட்டம் தொடங்கியது. மிகுதி 4,000 மலையகத்துக்கு ஒதுக்கப்பட்டது. வடக்கு கிழக்கில் புதிய வீடொன்றுக்கு 5,50,000 ரூபாய், திருத்தத்துக்கு 2,50,000 ரூபாய் தவணைகளாகக் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கே போனது. எங்கள் வீடு அந்தத் திட்டத்தில் கட்டப்பட்டதல்ல. அதே காலத்தில் வேறொரு உதவியில் கட்டப்பட்டது. யார் கொடுத்தார்கள் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.

வீட்டுக்காரரே கட்டும் முறைக்கு நல்ல பக்கம் உண்டு. ஒப்பந்தக்காரர் இடையில் காசு அடிக்க முடியாது, வீடு எங்கள் விருப்பப்படி வரும். ஆனால் அந்த முறை ஒரு பெரிய பொறுப்பைச் சத்தமில்லாமல் குடும்பத்தின் தலையில் வைக்கிறது. அன்றுவரை அகதி முகாமில் வரிசையில் நின்ற ஒரு தாய், அடுத்த நாள் ஒரு கட்டுமானத் திட்டத்தின் முகாமையாளர் ஆகிறார். மேசனைப் பிடிப்பது, மணல் அனுமதி எடுப்பது, எது முதல் எது பிறகு என்று முடிவெடுப்பது எல்லாம் அவர் வேலை. சீமெந்துக்கும் மணலுக்கும் உள்ள கலவை விகிதத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். நாள் கணக்குப் போடுவது எப்படி என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

முதல் முறை: கான்ட் அட்டவணை

உதவி நிறுவனங்களின் அலுவலகச் சுவரில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய படம் இதுதான். இடது பக்கம் வேலைகளின் பெயர்கள், மேலே மாதங்கள், நடுவில் நிறம் தீட்டிய பட்டைகள். அமெரிக்கப் பொறியியலாளர் ஹென்றி கான்ட் 1910களில் இதைப் பரவலாக்கினார். அவருக்கு முன்பே, 1896இல், போலந்துப் பொறியியலாளர் கரோல் அடமியெட்ஸ்கி இதைப்போன்ற ஒரு வரைபை உருவாக்கியிருந்தார். அவர் அதை வெளியிட்டது மிகப் பிந்தி என்பதால் பெயர் கான்டுக்குப் போய்விட்டது.

இதன் பலம், எழுத வாசிக்கக் கஷ்டப்படுபவரும் பார்த்தவுடன் விளங்கிக்கொள்வார் என்பது. ஆனி மாதத்தில் அத்திவாரம், ஆடியில் சுவர், ஆவணியில் கூரை என்று மூன்று கோடு கீறினால் போதும்.

எளிய வடிவத்தில் இதன் பலவீனமும் அதுதான். ஒரு பட்டை ஏன் அங்கே இருக்கிறது என்பதைப் படம் சொல்லாது. அத்திவாரம் பத்து நாள் பிந்தினால் கூரையும் பத்து நாள் பிந்துமா, அல்லது ஒன்றும் ஆகாதா? பட்டையைப் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. எங்கள் வீட்டுக்கு ஓர் அதிகாரி கீறித் தந்தது இப்படியொரு படம்தான். அதைக் கதவில்லாத நிலையில் ஒட்டி வைத்திருந்தோம்.

இரண்டாம் முறை: நெருக்கடிப் பாதை

1957இல் அமெரிக்காவின் டியூபொண்ட் இரசாயன நிறுவனத்தில் மோர்கன் வோக்கரும், ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெலியும் சேர்ந்து உருவாக்கிய முறை இது. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். எத்தனை நாள் பிடிக்கும்? எது முடிந்தால் இதைத் தொடங்கலாம்? இந்தப் பதில்களை இணைத்தால் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பல பாதைகள் வரும். மிக நீளமான பாதைதான் நெருக்கடிப் பாதை. அதில் ஒரு நாள் பிந்தினால் முழு வீடும் ஒரு நாள் பிந்தும். மற்றப் பாதைகளில் கொஞ்சம் தளர்வு இருக்கும்.

ஒரு மேசன், இரண்டு கூலியாட்கள், 550 சதுர அடி வீடு. எங்கள் ஊர் மேசன் ஒருவரோடு இருந்து நான் போட்ட கணக்கு இது. நாட்கள் உங்கள் இடத்தில் மாறலாம், முறை மாறாது.

நிலம் துப்புரவாக்கி அளவு கோடு போட 3 நாள். அதன் பிறகு அத்திவாரம் 12 நாள்.
சீமெந்துக் கல் அரிய 11 நாள், தண்ணீர் ஊற்றி ஆறவிட 14 நாள், மொத்தம் 25 நாள். இதை முதல் நாளே தொடங்கலாம்.
கதவு நிலை, யன்னல் நிலை தச்சரிடம் இருந்து வர 20 நாள். இதற்கும் முதல் நாளே சொல்லலாம்.
சுவர் 20 நாள். அத்திவாரம், கல், நிலைகள் மூன்றும் தயாரானால்தான் தொடங்கலாம்.
கூரை மரம் சொல்லி வர 30 நாள்.
கூரை ஏற்றி ஓடு போட 10 நாள். சுவரும் மரமும் தயாராக வேண்டும்.
பூச்சும் தரையும் 18 நாள். கதவு யன்னல் பூட்ட 5 நாள்.
மலசலகூடம் 14 நாள். நிலம் துப்புரவானால் எப்போதும் செய்யலாம்.

அத்திவாரம் 15ஆம் நாள் முடிந்துவிடும். ஆனால் கல் 25ஆம் நாள்தான் தயாராகும். ஆகவே சுவர் 25 நாள் கழித்துத்தான் தொடங்கும், 45இல் முடியும். 55இல் கூரை, 73இல் பூச்சு, 78இல் வீடு.

நெருக்கடிப் பாதை கல், சுவர், கூரை, பூச்சு, கதவு என்று ஓடுகிறது. அத்திவாரம் அதில் இல்லை. அதற்கு 10 நாள் தளர்வு இருக்கிறது. நாங்கள் எல்லோரும் அத்திவாரத்துக்குத்தான் அவசரப்பட்டோம், நாள் பார்த்துக் கல் வைத்தோம். உண்மையில் முதல் நாள் காலையில் அவசரப்பட வேண்டியிருந்தது மணலுக்கும் கல் அரிவதற்கும்தான். மலசலகூடத்துக்கு 61 நாள் தளர்வு. அதற்கு மேசனை இடையில் இழுக்கவே தேவையில்லை.

ஜூன் 1ஆம் திகதி தொடங்கினால் ஜூலை 25இல் கூரை, ஓகஸ்ட் 17இல் வீடு. மாரிக்கு இரண்டு மாதம் மிச்சம். அப்படியானால் அம்மா ஏன் தறப்பாளில் இருந்தார்?

தவணையும் ஒரு கண்ணிதான்

மேலே உள்ள கணக்கில் ஒன்று விடுபட்டிருக்கிறது. காசு.

அம்மாவிடம் கல் அரிய முதல் நாள் காசு இல்லை. முதலில் கிடைத்தது அத்திவாரத்துக்கு மட்டும் போதுமான தொகை. அத்திவாரம் முடிந்து, தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்து, படம் எடுத்து, அறிக்கை போய், வங்கிக்குக் காசு வந்த பிறகுதான் அடுத்த வேலை. இந்தக் காத்திருப்புக்கு ஒவ்வொரு முறையும் 14 நாள் என்று வைத்துக்கொள்வோம்.

அத்திவாரம் 15ஆம் நாள். காசு 29ஆம் நாள். அப்போதுதான் கல் அரியத் தொடங்கலாம், அது 54இல் தயாராகும். சுவர் 74இல் முடியும். அடுத்த தவணை 88ஆம் நாள். அன்று கூரை மரத்துக்குச் சொன்னால் 118இல் வரும். கூரை 128இல் முடியும். இன்னொரு 14 நாள் காத்திருந்து, பூச்சு 160இல், கதவு 165இல்.

78 நாள் வேலை 165 நாளாகிவிட்டது. யாரும் ஒரு நாள்கூடச் சோம்பியிருக்கவில்லை. உத்தியோகத்தரும் தாமதித்ததாகச் சொல்ல முடியாது, இரண்டு கிழமை பெரிய காலம் அல்ல. தவணைகள் கூட்டிய நேரடிக் காத்திருப்பு 42 நாள்தான். மிகுதி 45 நாள், ஒரே நேரத்தில் நடந்திருக்கக்கூடிய வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்றதால் வந்தது.

ஜூன் 1இல் தொடங்கியிருந்தால் ஒக்டோபர் 6இல் கூரை ஏறியிருக்கும், மழைக்கு மயிரிழையில் தப்பியிருப்போம். எங்களுக்குப் பத்திரம் கையெழுத்தானது ஜூன் கடைசியில். ஜூலை 1இல் தொடங்கினோம். 128 நாளை எண்ணிப் பாருங்கள், நவம்பர் 5 வரும். எங்கள் பக்கத்தில் வடகீழ்ப் பருவமழை இறங்கி நிற்கும் நேரம். மழைக்குள் மரம் ஏற்ற ஆளும் வராது. தைக்குப் பிறகு அறுவடை தொடங்கினால் கூலியாட்கள் வயலுக்குப் போய்விடுவார்கள். எங்களுக்கு ஓடு ஏறியது 2014 பங்குனியில்.

இந்தக் கணக்கில் மாற்றக்கூடிய இடம் ஒன்று இருந்தது. 88ஆம் நாள் வரை காத்திராமல், சுவர் எழும்பத் தொடங்கிய 54ஆம் நாளே ஒரு சிறிய முற்பணம் கொடுத்து மரத்துக்குச் சொல்லியிருந்தால், மரம் 84இல் வந்திருக்கும். தவணை வந்த 88ஆம் நாளே கூரை வேலை தொடங்கி 98இல் முடிந்திருக்கும். முப்பது நாள் மிச்சம். ஜூலை 1இல் தொடங்கியவருக்கும் ஒக்டோபர் 6இல் ஓடு ஏறியிருக்கும். அந்த முற்பணம் அடகு வைத்த காப்பை விடக் குறைவு. ஆனால் எந்த நாளில் எந்தக் காசு முக்கியம் என்று எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

மூன்றாம் முறை: பேர்ட்

கூரை மரம் முப்பது நாளில் வரும் என்று எழுதினேன். வருமா? அதற்குத்தான் பேர்ட் முறை. 1958இல் அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவானது. இதுவரை யாரும் செய்யாத வேலைக்கு எத்தனை நாள் என்று ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. ஆகவே மூன்று எண்கள் கேட்பார்கள். எல்லாம் சரிவந்தால் எத்தனை நாள், வழமையாக எத்தனை நாள், எல்லாம் பிழைத்தால் எத்தனை நாள்.

மரக்காலைக்காரர் 12, 30, 72 என்று சொன்னதாக வைப்போம். நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். 12, 120, 72 சேர்ந்து 204. ஆறால் வகுத்தால் 34 நாள். எதிர்பார்க்க வேண்டியது 30 அல்ல, 34. பிழைத்துப்போகும் பக்கம் நீளமாக இருப்பதால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்து ஆறால் வகுத்தால் 10. இது தளம்பலின் அளவு. அநேகமாகத் தவறாது என்று சொல்ல வேண்டுமானால் அதில் இரண்டு மடங்கைக் கூட்டி 54 நாள் என்று வைத்துக்கொள்வது நல்லது.

போர் நிறுத்தக் காலத்தில் உயிலங்குளத்தில் சோதனைச் சாவடி இருந்தது. இரண்டு கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கும் இடையில் ஆட்கள் கடக்கும் இடம். சின்ன வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். மன்னார் எத்தனை மணித்தியாலம் என்று யாராவது கேட்டால் அம்மா ஒரு பதில் சொல்ல மாட்டார். "சும்மா விட்டா அரை மணித்தியாலம். பையைக் கிளறினா மத்தியானம். பூட்டினா நாளைக்கு." பேர்ட் கேட்கும் மூன்று எண்களும் அதில் இருக்கின்றன. போருக்குள் வாழ்ந்தவர்களுக்கு இந்த முறையை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பொலாரிஸ் திட்டத்தை ஆராய்ந்து 1972இல் நூல் எழுதிய ஹார்வி சபோல்ஸ்கி, திட்டம் வெற்றிபெற்றதற்கு பேர்ட் காரணம் என்ற பேச்சை ஏற்கவில்லை. மேலிடத்தின் தலையீட்டைத் தள்ளி வைக்கும் கவசமாகவே அது அதிகம் பயன்பட்டது என்று காட்டினார். அழகான வரைபு சுவரில் தொங்கினால் எல்லாம் கட்டுப்பாட்டில் இருப்பதாக நம்பத் தோன்றும். மூன்று எண்களும் ஊகம் என்றால், வரும் விடையும் ஊகம்தான்.

நான்காம் முறை: சமநிலைக் கோடு

ஒரு வீட்டுக்கு நெருக்கடிப் பாதை போதும். ஒரே மாதிரி 24 வீடுகள் ஒரு கிராமத்தில் எழும்ப வேண்டும் என்றால் கேள்வி மாறுகிறது. எந்தக் குழு எந்த வேகத்தில் வீட்டுக்கு வீடு நகர்கிறது என்பதே முக்கியம். 1940களில் அமெரிக்காவின் குட்இயர் நிறுவனத்தில் தோன்றி, பிறகு கடற்படையில் வளர்ந்த சமநிலைக் கோட்டு முறை இதற்கானது. பக்கவாட்டில் நாட்கள், மேல்நோக்கி வீட்டு எண்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு சாய்கோடு. கோடு செங்குத்தாக நிமிர்ந்தால் வேகம் கூட.

அத்திவாரக் குழு வாரம் 2 வீடு, சுவர்க் குழு வாரம் 1 வீடு, கூரைக் குழு வாரம் 3 வீடு செய்யும் என்று வையுங்கள். அத்திவாரம் 12 வாரத்தில் முடிந்துவிடும், சுவருக்கு 24 வாரம். மழை வரும்போது ஊர் முழுக்க அத்திவாரம் மட்டும் நிற்கும். 2010க்குப் பிறகு எங்கள் பக்கம் பல கிராமங்களில் கண்ட காட்சி இது. கோடுகளைக் கீறியவுடன் விடை தெரியும், இன்னொரு சுவர்க் குழு வேண்டும். இரண்டு குழு என்றால் சுவர் வேலை 13ஆம் வாரம் முடிகிறது.

கூரைக் குழுவை எப்போது இறக்குவது? முதல் சுவர் முடிந்தவுடன் கூப்பிட்டால் அவர்கள் வேகமானவர்கள் என்பதால் அடிக்கடி சும்மா இருப்பார்கள். சும்மா இருக்கும் தச்சர் வேறு இடத்து வேலைக்குப் போய்விடுவார், திரும்பக் கூப்பிட்டால் வரமாட்டார். ஆறாம் வாரத்தின் நடுவில் இறக்கினால் இடைவெளி இல்லாமல் ஓடி, 14ஆம் வாரத்துக்குள் 24 ஓடும் ஏறிவிடும்.

நியூயோர்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 1930 மார்ச் 17இல் தொடங்கி 1931 மே 1இல் திறக்கப்பட்டது. உருக்கு, தளம், வெளிச்சுவர் என்று ஒவ்வொரு குழுவும் மற்றதைத் துரத்தும் தாளத்தில் மாடி மாடியாக ஏறியதே அந்த வேகத்தின் இரகசியம். தண்டவாளம், வீதி, வாய்க்கால் போன்ற நீள வேலைகளுக்கும் இதே கோடுதான், வீட்டு எண்ணுக்குப் பதில் தூரம். 1990இல் போரினால் நின்றுபோன எங்கள் தலைமன்னார்ப் பாதை மீண்டும் போடப்பட்டபோது 2013 மே மாதம் மடு வீதி வரை 43 கிலோமீற்றர் திறந்தது. 2015 மார்ச் 14இல் தலைமன்னார் வரை மிகுதி 63 கிலோமீற்றர் திறந்தது. முழுப் பாதையும் முடியும்வரை காத்திராமல் ஒரு துண்டை முதலில் பயனுக்கு விட்டார்கள். நீள வேலைகளில் இந்த வசதி உண்டு.

இந்த முறை ஒரு நியாயக் கேள்வியையும் வெளியே கொண்டுவருகிறது. 24ஆவது வீடு யாருடையது? அதற்கு 14ஆம் வாரம்தான் ஓடு. வழமையாக அந்த இடத்தில் இருப்பவர் ஆண் துணை இல்லாத பெண், அல்லது முதியவர், அல்லது காணிப் பத்திரம் இழுபட்டவர். கோடு கீறும் நாளிலேயே வரிசையை வெளிப்படையாகப் பேசி, தறப்பாளில் இருப்பவரை முன்னால் வைக்க முடியும். கோடு கீறாவிட்டால் வரிசையைச் செல்வாக்குத் தீர்மானிக்கும்.

ஐந்தாம் முறை: நெருக்கடிச் சங்கிலி

1997இல் இஸ்ரேலியப் பௌதிகவியலாளர் எலியாகு கோல்ட்ராட் ஒரு நாவல் வடிவில் எழுதிய முறை. எல்லோரும் தங்கள் நாளுக்குள் பாதுகாப்புக்காகச் சில நாட்களை ஒளித்து வைக்கிறார்கள் என்றார் அவர். பதினான்கு நாளில் முடியும் சுவருக்கு மேசன் இருபது சொல்வார். ஆனால் அந்த ஆறு நாளும் மிஞ்சாது. கொடுத்த காலம் முழுவதையும் வேலை விரிந்து நிரப்பும் என்று 1955இல் பார்க்கின்சன் எழுதியது அதைத்தான். பத்திரிகை வேலையில் இருக்கும் எனக்கு இது தெரியும், கட்டுரைக்கு இரண்டு வாரம் தந்தாலும் கடைசி இரண்டு இரவில்தான் எழுதுவேன்.

கோல்ட்ராட்டின் வழி, ஒளித்த நாட்களை எல்லோரிடமும் இருந்து எடுத்து, ஒரே கையிருப்பாகக் கடைசியில் வைப்பது. சுவர் 20ஐ 14 ஆக்கலாம், கூரை 10ஐ 7, பூச்சு 18ஐ 13, கதவு 5ஐ 3. மொத்தம் 53 நாள் 37 ஆகிறது. மிஞ்சும் 16இல் பாதி, 8 நாளைக் கையிருப்பாக வைத்தால் வீடு 78க்குப் பதில் 70 நாள். யார் பிந்தினாலும் அந்தக் கையிருப்பிலிருந்து எடுக்கலாம். கையிருப்பு எவ்வளவு கரைந்தது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

இரண்டு விடயம் கவனிக்க வேண்டும். கல்லின் 14 நாள் ஆறுதல் ஒளித்த நாள் அல்ல, அதைக் குறைத்தால் சுவர் பின்னால் வெடிக்கும். மற்றது, சுவர் 39ஆம் நாளே முடிவதால் கூரை மரத்தின் தளர்வு 15 நாளிலிருந்து 9 ஆகக் குறைகிறது. ஓரிடத்தில் இறுக்கினால் இன்னோரிடம் நெருக்கடிக்குக் கிட்ட வரும்.

இந்த முறை ஆட்களையும் கணக்கில் எடுக்கிறது. நெருக்கடிப் பாதைக் கணக்கில் சுவரும் மலசலகூடமும் ஒரே நேரத்தில் நடக்கலாம். ஆனால் மேசன் ஒருவர்தானே? அவரைச் சுவரிலிருந்து எடுத்துக் குழிக்கு அனுப்பினால் முழு வீடும் நிற்கும்.

எங்களிடம் ஏற்கெனவே இருக்கும் முறை

இவ்வளவையும் மொழிபெயர்த்த பிறகு எனக்கு ஞாபகம் வந்தது கட்டுக்கரைக்குளம். அருவி ஆற்றைத் தேக்கத்தில் மறித்து வாய்க்கால் வழியாக நிரப்பும் அந்தக் குளத்தை நம்பித்தான் எங்கள் பக்கத்து வயல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு போகத்துக்கும் முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். அதிகாரிகளும் விவசாயிகளும் ஒன்றாக இருந்து, குளத்தில் உள்ள தண்ணீரைப் பார்த்து, எத்தனை ஏக்கர், மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, முதல் தண்ணீர் எப்போது, கடைசித் தண்ணீர் எப்போது, கால்நடைகளை எப்போது அப்புறப்படுத்துவது என்று திகதி போடுவார்கள்.

முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணும் அட்டவணை அது. தண்ணீர் என்ற வளத்தைக் கணக்கில் எடுக்கும் அட்டவணை. எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை செய்பவரே திகதி சொல்லும் அட்டவணை. 1990களில் கிளென் பலார்டும் கிரெக் ஹவலும் கட்டுமானத் துறைக்குக் கொண்டுவந்த 'கடைசித் திட்டமிடுபவர்' முறையின் அடிப்படையும் இதுதான். அலுவலகத்தில் இருப்பவர் திகதி போடாமல், சாந்து குழைப்பவரிடம் அடுத்த கிழமை என்ன முடியும் என்று கேட்டு, கிழமை முடிவில் சொன்னதில் எத்தனை நடந்தது, நடக்காதது ஏன் என்று பார்ப்பது. நெல்லுக்கு இப்படிக் கூடும் நாங்கள் வீட்டுக்குக் கூடவில்லை.

எதை எப்போது எடுப்பது

வேலையை மற்றவருக்குக் காட்டுவதற்கு கான்ட் அட்டவணை போதும், முடிவெடுக்க அதை மட்டும் நம்பாதீர்கள். ஒரு வீடு, ஒரு மண்டபம் என்றால் நெருக்கடிப் பாதையை ஒரு கொப்பித் தாளில் போடுங்கள், தவணைக் காத்திருப்பையும் ஒரு வேலையாக அதில் எழுதுங்கள். வெளியிலிருந்து வரும் பொருள், அனுமதி, கையெழுத்து போன்றவற்றுக்கு மட்டும் மூன்று எண் கேளுங்கள். பல வீடுகள் என்றால் சமநிலைக் கோடு. ஆள் பற்றாக்குறை என்றால் நெருக்கடிச் சங்கிலி, கையிருப்பு நாட்களை மழைக்கு முன்னால் வையுங்கள். எந்த முறை எடுத்தாலும் வாரம் ஒரு முறை மேசனோடு பத்து நிமிடம் இருந்து கதையுங்கள்.

உதவி கொடுப்பவரிடம் இரண்டு கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பார்வையிட வரும் திகதியை முன்கூட்டியே தர முடியுமா? கல்லுக்கும் மரத்துக்கும் உரிய பகுதியை முதல் தவணையிலேயே சேர்க்க முடியுமா? இரண்டாவது கேள்விக்கு 'ஆம்' கிடைக்காவிட்டால், சங்கத்தின் சுழற்சி நிதியிலிருந்து மர முற்பணத்துக்கு மட்டும் குறுகிய கடன் கேட்கலாம். நுண்கடன் வாசலுக்குப் போவதற்கு முன் அதைச் செய்யுங்கள்.

போன ஆண்டு எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா வீடு கட்டத் தொடங்கினார். கணவர் 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவர். அவரோடு ஒரு பின்னேரம் இருந்து இந்தக் கணக்கைப் போட்டோம். அவர் முதலில் வாங்கியது மணல். அத்திவாரம் வெட்ட முன்பே வேலியோரத்தில் கல் அடுக்கி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். ஊரில் சிலர் சிரித்தார்கள். புரட்டாசி கடைசியில் ஓடு ஏறியது.

அந்தக் கணக்குக் கொப்பியை அம்மாவிடமும் காட்டினேன். 78, 165 என்ற இரண்டு எண்களையும் விரலால் தொட்டுப் பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

"அப்ப நான் பிந்தேல்லையா?" என்று கேட்டார்.

"இல்லை அம்மா."

அவர் எழும்பிப் போய்ப் பின்கதவைத் திறந்து, அந்தக் கறையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தேத்தண்ணி வைக்கப் போனார்.